ஒட்டுக்கடையில் பயனிலை

மல்லாவிச் சந்தியால் துணுக்காய் றோட்டுக்குத் திரும்பினால்
மூன்றாவது மின்கம்பத்தடியில் சைக்கிள் கடை.
பெயர்ப்பலகை இல்லை.
ஒரு மொட்டை ரயர் தொங்கும், அதுதான் பெயர்.

சர்மிதாவுக்கும் தம்பி கஜரூபனுக்கும்
பிறந்ததில் இருந்து காது கேளாது.
பள்ளிக்கூடம் இரண்டு மாதம்,
பிறகு இடம்பெயர்வு, பிறகு முகாம், பிறகு இந்தக் கடை.
சைகை மொழி என்று ஒன்று
எங்கேயோ படிப்பிக்கப்படுவதை
அவர்களுக்கு ஒருவரும் காட்டவில்லை.
ஆகவே தாங்களே ஒன்றைச் செய்துகொண்டார்கள்,
பழைய ரியூபில் ஒட்டுத்துண்டு வெட்டுவதுபோல
ஓட்டைக்கு அளவாய்.

நான் கொப்பியோடும் கமராவோடும் போனவன்.
எண்பது வசனம் கையில் இருந்தது.
எந்த மொழியிலும் எது இல்லாமல் போகாது
என்று பார்க்கிற பட்டியல் அது.

முதல் நாளே கஜரூபன் கதைத்தான்.
சுட்டுவிரலைக் கூராக்கினான்.
இரண்டு கையாலும் ஒரு வட்டம் பிடித்தான்.
கன்னத்தை ஊதி, விரலால் குத்தி, காற்றை விட்டான்.
ஆணி. ரியூப். குத்து.
எழுவாய், செயப்படுபொருள், பயனிலை.

ஏழாம் வகுப்பில் பயனிலையைப்
'பயன் இல்லை' என்று பிரித்து அடி வாங்கினவன் நான்.
இப்போது மற்றதையும் பிரித்துப் பார்த்தேன்.
எழு, வாய்.
இங்கே எழுந்தது கை.

தமிழைப் பார்த்துப் பழகியிருப்பார்கள் என்பீர்கள்.
எதைப் பார்த்து?
உதடு அசைவது தெரியும்,
உதட்டில் ஐயும் கும் தெரியாது.
ஆங்கிலேயரையும் சீனரையும்கூட
வாயை மூடிக் கையால் மட்டும் சொல்லச் சொன்னால்
தங்கள் மொழியின் ஒழுங்கை விட்டுவிட்டு
வினையைக் கடைசியில்தான் வைக்கிறார்களாம்.
கூத்துக்கு முதல் ஆட்கள் களரிக்கு வரவேண்டும்,
எனக்குப் பிடிபட்ட காரணம் அவ்வளவே.

கேள்வி என்றால் புருவம் ஏறும்.
இல்லை என்றால் உள்ளங்கை விரியும், அதுவும் கடைசியில்.
தோளுக்குப் பின்னால் கையை எறிந்தால் நேற்று.
இரண்டுதரம் எறிந்தால் முகாம்.
கொப்பியில் கட்டங்கள் நிரம்பிக்கொண்டு வந்தன,
எனக்கு நல்ல சந்தோசம்.

மூலையில் ஒரு நீலப் பிளாஸ்ரிக் கதிரை.
ஒருவரும் அதில் குந்துவதில்லை.
அதைச் சுட்டினால் அப்பா.

வசனம் நாற்பத்து மூன்று: அப்பா கடையைத் திறந்தார்.
சர்மிதா கதிரையைச் சுட்டினாள்.
தகரக் கதவைக் காட்டினாள்.
திறப்பைத் திருகினாள்.
கை தோளுக்குப் பின்னால் போகவில்லை.
மறந்துவிட்டாள் என்று நினைத்து
நான் எறிந்து காட்டினேன், ஒருதரம், இரண்டுதரம்.
அவள் என் மணிக்கட்டைப் பிடித்து
முன்னால் கொண்டுவந்து
என் மடியிலேயே வைத்துவிட்டாள்.

இறந்தகாலக் கட்டத்தை வெறுமையாய் விட்டேன்.
என் மேற்பார்வையாளர் கேட்பார்.

லாண்ட்மாஸ்டரில் வந்த மனிதர்
என்ன சொல்லுதுகள் என்று என்னைக் கேட்டார்.
நான் திரும்ப முதல் அக்காவும் தம்பியும்
என்னைப் பற்றித் தொடங்கிவிட்டார்கள்.
காதில் செருகிய பேனை. கொப்பி. எழுது, எழுது, எழுது.
நிறுத்து. உள்ளங்கை விரிந்தது.
புருவம் ஏறியது.
கொடுப்புக்குள் அடக்கி, பிறகு அடக்கமாட்டாமல் சிரித்தார்கள்.
லாண்ட்மாஸ்டர்காரருக்கும் விளங்கிவிட்டது,
மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கஜரூபன் ரியூபை வாளிக்குள் அமிழ்த்தினான்.
கொஞ்சம் கொஞ்சமாய்ச் சுற்றி வந்தான், ஒன்றும் இல்லை.
ஒரு முழுச் சுற்று, ஒன்றும் இல்லை.
பிறகு வால்வுக்குப் பக்கத்தால்
பொட்டுப் பொட்டாய்க் குமிழி.
இரண்டு பேரும் ஒரேநேரத்தில் சுட்டினார்கள்.

எண்பத்தொன்று என்று இலக்கம் போட்டேன்.
அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல்
பேனையைக் காதில் செருகினேன்.